மிதிவண்டிக்கு ஏற்ற டயர் எது?

ஆர்வத்துடன் வாங்கப்படும் மிதிவண்டிகள் பல, சில மாதங்களிலேயே மாடிப்படியின் அடியில் தூசு படிந்து நிற்கின்றன. மிதிக்கக் கடினமாக இருக்கிறது, அடிக்கடி பஞ்சராகிறது என்பவையே பெரும்பாலும் கூறப்படும் காரணங்கள். வண்டியைக் குறை சொல்வதற்கு முன், தரையைத் தொடும் ஒரே பாகமான டயரைக் கவனிப்பது நல்லது.

கடைகளில் கண்ணைக் கவர்பவை இரு வகை டயர்கள். ஒன்று, கரடுமுரடான பாதைகளுக்கென உருவான, தடித்த பட்டன்கள் கொண்ட அகன்ற டயர். மற்றொன்று, பந்தய வண்டிகளுக்கான மெல்லிய டயர். நாள்தோறும் அலுவலகத்துக்கும், விடுமுறையில் சிறு பையுடன் 40, 50 கி.மீ. தொலைவுக்கும் சென்று வருபவருக்கு இரண்டுமே பொருத்தமானவை அல்ல.

பட்டன்கள் சேற்றிலும் இளகிய மண்ணிலும் பிடிப்புத் தருபவை. தார்ச்சாலையில் அவை ஒவ்வொன்றும் நசுங்கி நிமிரும்போது மிதிப்பவரின் ஆற்றல்தான் வீணாகிறது. பட்டன் இல்லாவிட்டால் மழையில் வழுக்கும் என்ற அச்சமும் தேவையற்றது. அதிவேகமாகச் செல்லும் காரின் அகன்ற டயர் நீர்ப்படலத்தின் மீது மிதக்கக்கூடும். அதனால் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் அதற்கு அவசியம். குறுகிய மிதிவண்டி டயர் நகர வேகத்தில் அவ்வாறு மிதப்பதில்லை.

மெல்லிய டயரே வேகமானது என்பதும் முழு உண்மையன்று. காற்றழுத்தம் சமமாக இருந்தால், அகன்றதும் மெல்லியதும் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. மெல்லிய டயரில் அப்பரப்பு நீளவாக்கில் அமைவதால் டயர் அதிகம் வளைகிறது. ஆற்றல் இழப்பும் கூடுகிறது. அதைத் தவிர்க்கக் காற்றை இறுக்கினால், சாலையின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பைத் தாக்கும். 1888-இல் ஜான் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரின் முதன்மைப் பயனே அதிர்வைத் தணிப்பதுதான். கல்போல் இறுக்கப்பட்ட டயர் அந்தப் பயனை இழந்துவிடுகிறது.

ஆகவே, 32 முதல் 40 மி.மீ. வரை அகலமும், வழவழப்பான அல்லது ஆழமற்ற வரிகள் கொண்ட மேற்பரப்பும் உள்ள டயரே இத்தகைய பயணத்துக்கு உகந்தது. முள்ளும் கண்ணாடிச் சில்லும் மிகுந்த பாதையெனில், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயரை வாங்கலாம். எடை சற்றுக் கூடும். வழியில் வண்டியைத் தள்ளிச் செல்லும் அவதி குறையும்.

அளவு பார்ப்பதிலும் கவனம் தேவை. 26 அங்குலம் என்று அச்சிட்ட டயர்களிலேயே, ரிம்மில் பொருந்தும் விட்டம் 559 மி.மீ. உள்ளவையும் 590 மி.மீ. உள்ளவையும் உண்டு, ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் காணப்படும் எண்களே நம்பத்தக்கவை: முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். பழைய டயரின் இரண்டாம் எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். அகலத்தைக் கூட்டுவதானால், ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் உரசாத அளவுக்கு இடைவெளி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, காற்று. டயரில் குறிப்பிட்ட உச்ச அழுத்தம் ஒரு வரம்பே தவிர, பரிந்துரை அன்று. சுமையின் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இருப்பதால், அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் முன்சக்கரத்துக்குக் குறைவாகவும் அடைக்கலாம். மிகவும் குறைந்தால், குழியில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். வாரம் ஒருமுறை காற்றைச் சரிபார்ப்பதே போதுமானது.

வண்டியின் நிறத்துக்கும் கியர்களின் எண்ணிக்கைக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கை டயருக்கும் தந்தால், மாடிப்படியின் அடியில் கிடக்கும் மிதிவண்டிகள் பல மீண்டும் சாலைக்கு வரும்.