குணம் தந்தது எது?

ஆறு வயதாகியும் பேச்சு வராத, சினம் வந்தால் தரையில் தலையை முட்டிக்கொள்ளும் மகன் ஒருவன் இருந்தால் பெற்றோர் படும் துயரம் சொல்லுந்தரமன்று. ஓதி ஊதிய தண்ணீர், உறவினர் சொன்ன பத்தியம், மாதந்தோறும் பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்கின்றனர். இரண்டு மாதங்களில் பிள்ளை சற்று அமைதியடைகின்றான். அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் அவ்வமைதி எதனால் வந்தது? பத்தியத்தால் என்பார் உறவினர். பயிற்சியால் என்பர் நிலையத்தார். புதுவாயல், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தந்தையோ எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்றறியாமல் அனைத்திற்கும் கடன் வாங்குகின்றார்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. எனினும் அவன் ஏற்படுத்தியுள்ள காரணங்களைத் தேடியறிவது நம் பொறுப்பன்றோ? ஹகீம் இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தமது 'அல்கானூன்' நூலில் மருந்தைச் சோதிக்க விதிகள் வகுத்தார். பல நோய்கள் கலந்திராத நிலையில் சோதிக்க வேண்டும். மருந்து வேலை செய்யும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பலன் ஒருமுறை தோன்றினால் போதாது, திரும்பத் திரும்பத் தோன்ற வேண்டும் என்பன அவற்றுட் சில.

இக்காலத்து 'நடத்தைப் பகுப்பாய்வு' அறிஞர்கள் கையாளும் தனியாள் சோதனை முறையும் இவ்வழியதே. நூறு பிள்ளைகளின் சராசரியை அவர்கள் தேடுவதில்லை. ஒரு பிள்ளையை அதே பிள்ளையோடு ஒப்பிடுகின்றனர்.

1964-இல் வெளியான ஆய்வொன்றைக் காண்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நான்கு வயதுச் சிறுவர் இருவர் சிறு தடங்கலுக்கெல்லாம் அழுது அரற்றினர். ஆசிரியைகள் ஓடிச்சென்று தேற்றுவது வழக்கம். முதலில் எதையும் மாற்றாமல், நாளொன்றுக்கு எத்தனை அழுகை என எண்ணி மட்டும் வந்தனர். பின்னர் அவ்வழுகையைக் கண்டும் காணாதிருந்து, அழாமல் வாய்விட்டுச் சொன்னபோது அன்போடு கவனித்தனர். உண்மையாக அடிபட்டு அழுததைப் புறக்கணிக்கவில்லை. அழுகை வெகுவாகக் குறைந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால், வயது ஏறியதால் தானே குறைந்ததென்று ஒருவர் கூறலாம். எனவே பழையபடி அழுகைக்கு ஓடிச்செல்லத் தொடங்கினர், அழுகை திரும்பிற்று. மீண்டும் ஓடாதிருந்தனர், மீண்டும் அடங்கிற்று. அழுகையை வளர்த்தது தேற்றிய கைகளே என்பது ஐயமின்றி விளங்கியது. தாய்மார்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்குப் பலன் தரும் ஒன்றைச் சோதனைக்காக நிறுத்துவது முறையா? அன்று. அத்தகைய பிள்ளைக்குக் காதுவலியோ பல்வலியோ இருக்கின்றதா என மருத்துவர் முதலில் பார்த்தாக வேண்டும். மேலும், கற்ற கல்வியைத் திரும்பப் பெறவும் இயலாது. பேயர், வுல்ஃப், ரிஸ்லி என்னும் கன்சாஸ் பல்கலைக்கழக அறிஞர் மூவர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு மாற்றுவழியையும் விளக்கியது. மதரஸாவிலிருந்தே உதாரணம் தருகின்றேன். ஒரு பிள்ளைக்குப் பா, தா, ஸா குழம்புகின்றன. ஜீம், ஹா, கா குழம்புகின்றன. ஸீன், ஷீனும் அவ்வாறே. மூன்று தொகுதிகளிலும் தினமும் சோதித்துப் பிழைகளைக் குறிக்க வேண்டும். புதிய பயிற்றுமுறையை முதல் தொகுதிக்கு மட்டும் தொடங்கி, அது திருந்தியபின் இரண்டாவதற்கு, பின்பு மூன்றாவதற்கு என நீட்ட வேண்டும். முறை தொட்ட தொகுதி தொட்டபோது மட்டுமே திருந்தினால், திருத்தியது அம்முறையே. பிரம்பைக் கையிலெடுக்கும் உஸ்தாதுமார்கள் இக்கணக்கை ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. ஒரு நோட்டும், கடைகளில் கிடைக்கும் தஸ்பீஹ் எண்ணியும் போதும். எதை எண்ணுகின்றோம் என்பதை முன்னரே வரையறுக்க வேண்டும். 'அடம்' என்றால் ஆளுக்கொரு பொருள், 'தரையில் தலை படுதல்' என்றால் ஒரே பொருள். தாயும் பாட்டியும் தனித்தனியே எண்ணி ஒத்துப்பார்ப்பது நன்று. ஒரு வாரம் எண்ணியபின் ஒன்றை மட்டும் மாற்றுக. ஒரு பிள்ளைக்குப் பலித்தது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பலிக்குமென்பதில்லை. அங்கே மீண்டும் எண்ணியாக வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் சேர்க்குமுன், தொடங்குவதற்கு முந்தைய எண்ணிக்கையைக் குறித்து வைப்பீர்களா என்று கேளுங்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்காக நடுவண் அரசு 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் உள்ளது. நம் பகுதியிலிருந்து நகரைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் அடிக்கடி போவது அரிது. போகும் நாளில் அந்நோட்டையும் கொண்டு செல்க.