காறை எலும்பின் அடியில் சிக்கிய கை

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கை மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், பழி முதலில் குளிர் மேல் விழும். அடுத்தது வயது. அதற்கும் அடுத்தது சர்க்கரை. மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்து, முன்கையின் உட்பக்கம் குடைந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கினாலோ தோளில் சுமை ஏற்றினாலோ அது கூடுகிறதென்றால், கோளாறின் வேர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கக்கூடும். தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் வழக்கத்துக்கு வந்தது 1956-ல்தான்.

கைக்குப் போகும் நரம்புக்கற்றையும் ரத்தக்குழாய்களும் கழுத்தின் ஸ்கேலீன் தசைகளை ஒட்டி இறங்கி, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடைப்பட்ட குறுகலான வழியாகத்தான் கைக்குள் நுழைகின்றன. தசை இறுகினாலோ, தோள் தொய்ந்து காறை எலும்பு கீழே அழுந்தினாலோ அந்த வழி இன்னும் குறுகும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ கழுத்தெலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா பிறவியிலேயே முளைத்திருக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அது நரம்பையோ தமனியையோ முட்டத் தொடங்கும்.

மலையில் செய்யும் வேலைகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கொழுந்துப் பையின் பட்டை மணிக்கணக்கில் தோளை இழுக்கிறது. மருந்தடிப்பவர் பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் சுமந்து சரிவில் ஏறுகிறார். கூடலூர்ப் பக்கம் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் மிளகு பறிப்பவருக்கும், நிழல் மரத்தில் கிளை கழிப்பவருக்கும் கை எப்போதும் தலைக்கு மேல்தான். முதுகுச் சுமை காறை எலும்பைக் கீழே இழுத்து ரத்தக்குழாயை நசுக்குவதை ஃபால்கனர், வெடல் என்ற இரு மருத்துவர்கள் 1943-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது மூட்டை சுமந்த ராணுவத்தினரை. சுமையின் வேலை தோட்டத்திலும் அதேதான்.

இந்த நோயில் மூன்று வகை உண்டு. எது என்று தெரிந்தால்தான் எவ்வளவு அவசரம் என்பது தெரியும். பத்தில் ஒன்பதுக்கும் மேல் நரம்பு அழுந்தும் வகை. அதற்கு நிதானமாக வைத்தியம் பார்க்கலாம். ஆனால் ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி, நீலம் பாரித்து, தோள்பட்டையில் ரத்தக்குழாய் புடைத்துத் தெரிந்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கட்டியைக் கரைக்கும் சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் கிடைத்தால்தான் நல்ல பலன். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலை இது. மூன்றாவது, தமனி நசுங்குவது. மிக அரிது, மிக ஆபத்து. விரல் வெளுத்துச் சில்லிட்டு நுனியில் புண் வரும். உதகையின் மார்கழிப் பனியில் விரல் வெளுப்பது எல்லோருக்கும் பழகிய காட்சி என்பதால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பு இங்கே அதிகம். குளிரால் வெளுப்பது பெரும்பாலும் இரண்டு கையிலும் இருக்கும். ஒரே கை என்றால் மணிக்கட்டு நாடியை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

நரம்பு வகையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இதுதான் நோய் என்று அடித்துச் சொல்லும் ஒற்றைச் சோதனை கிடையாது. இரு கைகளையும் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கையை மடித்து, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொல்வார்கள். அதற்குள் வலியும் மரப்பும் வந்து கை தானாகக் கீழே விழுந்தால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். நோயில்லாத சிலருக்கும் கை கடுக்கும். நரம்புக் கடத்தல் சோதனை நோய் இருந்தும் சரியாகவே இருப்பதாகக் காட்டிவிடலாம். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், கை குடைச்சலோடு வந்தவர் நடிக்கிறார் என்ற பேச்சு வீட்டிலும் வேலையிடத்திலும் கிளம்பிவிடும். எனக்கு இந்த நோயில் மிகவும் வேதனை தருவது அந்தப் பேச்சுதான்.

அதனால் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் இதற்கு வர வேண்டும். கட்டைவிரல் பக்கம் மரத்து இரவில் எழுப்பிவிட்டால் மணிக்கட்டு நரம்பைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது மின்னல் அடித்தாற்போல் இறங்கினால் கழுத்துத் தட்டு. சுண்டுவிரல் மரத்து மடங்கத் தொடங்கினால் தொழுநோயையும் மறக்கக் கூடாது. முழங்கையின் பின்புறம் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கழுத்து எக்ஸ்ரே கூடுதல் விலாவைக் காட்டிவிடும், மார்பு எக்ஸ்ரே நுரையீரல் உச்சியில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய உதவும். ரத்தக்குழாய் சந்தேகம் இருந்தால் டாப்ளர் ஸ்கேன். இடது கையோடு நெஞ்சும் வலித்தால் வேறு யோசனையே வேண்டாம், முதலில் இ.சி.ஜி.

எங்கே போவது? உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் 700 படுக்கை மருத்துவமனையை 2025 ஏப்ரல் 6 அன்று முதல்வர் திறந்துவைத்தார். முதல் பரிசோதனையை அங்கேயே தொடங்கலாம். அறுவை சிகிச்சை வரை போனால் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கலாம். கை நரம்புச் சீரமைப்புக்குப் பேர்போன கங்கா மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது. அரசுத் தரப்பில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ரத்தநாள அறுவைப் பிரிவு இரண்டும் பழமையானவை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுப் படுக்கையில் சேருவது நல்லது.

ஆனால் நரம்பு வகைக்கு முதல் மருந்து கத்தி அல்ல, பிசியோதெரபி. தொய்ந்த தோளைத் தூக்கி நிறுத்தும் தசைகளை வலுவாக்குவது, இறுகிய ஸ்கேலீன் தசையைத் தளர்த்துவது, கழுத்தால் மூச்சிழுக்கும் பழக்கத்தை வயிற்றுக்கு மாற்றுவது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால் பலருக்கு இதுவே போதும். கேட்காவிட்டால் ஸ்கேலீன் தசையில் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி தணிந்தால் அறுவையும் உதவும் என்பதற்கு அது ஒரு குறி. அறுவையில் தசையை அறுத்து, தேவைப்பட்டால் முதல் விலாவையே எடுத்துவிடுவார்கள். அக்குள் வழியாக அதை எடுக்கும் முறையை 1966-ல் ரூஸ் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். நுரையீரல் உறைக்குள் காற்று புகுவது, உதரவிதான நரம்பு பழுதாவது, பெரிய ரத்தக்குழாய் கிழிவது போன்ற ஆபத்துகள் இதில் உண்டு. எத்தனை முறை இதைச் செய்திருக்கிறீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அடிச்சதை கரையத் தொடங்கியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கரைந்த சதை முழுதாகத் திரும்புவது கடினம்.

அமெரிக்காவில் இரண்டு விளையாட்டு வீரர்களின் கதை இதற்குப் பொருத்தம். பேஸ்பால் பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2021-ல் அறுவை செய்துகொண்டார். 2022-ல் ஒரே ஒரு ஆட்டம் வீசினார், 2024-ல் ஓய்வு. கூடைப்பந்து வீரர் மார்கெல் ஃபுல்ட்ஸுக்கு 2018 டிசம்பரில்தான் நோய் பிடிபட்டது. அவர் அறுவைக்குப் போகாமல் பிசியோதெரபி செய்து, அடுத்த பருவத்தில் களத்துக்குத் திரும்பினார். ஆளுக்கு ஆள் முடிவு மாறும். நான் இதில் பார்ப்பது வேறொன்று: ஃபுல்ட்ஸ் மாதக்கணக்கில் ஆடவில்லை, ஆனால் அவருடைய சம்பளம் நிற்கவில்லை.

கொழுந்து பறிப்பவருக்கு எடைக்குத்தான் மதிப்பு. அதே பையை அதே தோளில் மாட்டிக்கொண்டே செய்யும் பிசியோதெரபி பாதி வைத்தியம்கூட ஆகாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லிருந்து தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி தர வேண்டும் என்று சொல்லிவந்தது. மாத்திரையும் ஊசியும் கொடுப்பதோடு அந்தக் கடமை முடியக் கூடாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பயிற்சியைக் கற்றுத்தரும் ஆள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே வர முடிந்தால் வாரந்தோறும் பஸ் ஏறி உதகைக்கு அலைய வேண்டியதில்லை, அன்றைய கூலியும் போகாது. குறுமூட்டையாகக் கட்டி அடிக்கடி எடை போடுவதும், பட்டையை இரு தோளுக்கும் பிரிப்பதும், மிளகு பறிப்பவரை நடுவில் வேறு வேலைக்கு மாற்றுவதும் நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை.

மருத்துவரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் ‘ஓய்வு’ என்று மட்டும் எழுதினால் சம்பளமில்லா விடுப்பாக முடியும். ‘மூன்று மாதத்துக்குத் தோளில் சுமை தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் வேலை கூடாது, உட்கார்ந்து செய்யும் இலகு வேலை தரலாம்’ என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் ஒரு நகலைத் தோட்ட அலுவலகத்திலும் ஒன்றைத் தொழிற்சங்கத்திலும் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.