சாளக்கிராம யாத்திரையும் கைப்பேசியும்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் இப்பூவுலகில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான். திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருச்சாளக்கிராமம் அது. நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், முக்திநாத் என்ற பெயரோடு விளங்குகிறது. ஆயுளில் ஒருமுறையேனும் அங்கே சென்று சேவித்துவிட வேண்டும் என்று எண்ணி, எழுபது வயதைக் கடந்த பிறகு புறப்படுகிறவர்கள் நம்மிடையே பலர். பிள்ளைகள் வேலையில் இருப்பார்கள். உடன் வர இயலாது. ‘போன இடத்திலிருந்து தினமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்’ என்ற ஒரே வேண்டுகோளுடன் விமான நிலையத்தில் வழியனுப்பி வைப்பார்கள்.

காட்மாண்டுவில் இறங்கியதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் போவதுதான் வழக்கமாக நேரும் சங்கடம். பாஸ்போர்ட் இல்லாமல் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டே இந்தியர்கள் நுழையக்கூடிய நாடு என்பதால், நேபாளம் அயல்நாடு என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. ஆனால் கைப்பேசிக்கு அது அயல்நாடே. ஊரில் மாதந்தோறும் கட்டும் கட்டணம் எல்லையோடு முடிந்துவிடுகிறது. ‘ரோமிங்’ வசதியை ஊரிலேயே கேட்டுப் பெறாதவர்களின் கைப்பேசி அங்கே வெறும் கடிகாரமாகிவிடும்.

அந்தக் கடிகாரத்தையும் முழுமையாக நம்பிவிட முடியாது. நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. அலைவரிசை கிடைத்த கைப்பேசி பெரும்பாலும் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கிடைக்காதது இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பொக்ராவிலிருந்து ஜோம்சோம் செல்லும் சிறு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. நண்பகலை ஒட்டிக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் எழும் பலத்த காற்றே அதற்குக் காரணம். காலை விமானத்துக்கு விரைகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் என்பது சிறிய கணக்கல்ல.

இந்தச் சங்கடத்துக்கு வழிகள் இரண்டு. முதலாவது, ஊரிலிருந்து புறப்படும் முன்பே தம் தொலைபேசி நிறுவனத்திடம் நேபாளத்துக்கான ரோமிங் திட்டத்தைப் பெற்றுக்கொள்வது. சிம்மை மாற்ற வேண்டியதில்லை, எண்ணும் மாறாது. விலை சற்றுக் கூடுதல். ஆயினும் கைப்பேசியின் நுட்பங்களில் பழக்கமில்லாத முதியவர்களுக்கு இதுவே நிம்மதி. திட்டம் எதுவும் பெறாமல், ‘டேட்டா ரோமிங்’ என்ற பொத்தானை மட்டும் திறந்து வைப்பது பெருந்தவறு. ஊர் திரும்பியபின் வரும் பில் யாத்திரையின் மகிழ்ச்சியைக் குலைத்துவிடும்.

இரண்டாவது, அங்கேயே ஒரு சிம் வாங்குவது. காட்மாண்டு விமான நிலையத்திலேயே நேபாள் டெலிகாம், என்செல் ஆகிய நிறுவனங்களின் சிம் கிடைக்கும். பாஸ்போர்ட், அதன் நகல், ஒரு புகைப்படம் ஆகியவை கையில் இருந்தால் வேலை விரைவில் முடியும். நாட்டுக்குள் நுழைய வாக்காளர் அட்டை போதும் என்றாலும், பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் செல்வது நல்லது. எந்த நிறுவனத்தின் சிம் என்பதில் மட்டும் சிறிது கவனம் தேவை. காட்மாண்டுவிலும் பொக்ராவிலும் இரண்டுமே நன்றாக இயங்கும். முஸ்தாங் மலைப்பகுதிக்குள் சென்றபின் அரசு நிறுவனமான நேபாள் டெலிகாமின் அலைவரிசையே கூடுதலாக எட்டும் என்பது அவ்வழியே போய்வருபவர்களின் பொதுவான அனுபவம். குழுவில் ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் மற்றொன்றும் இருந்தால் யாரேனும் ஒருவருக்கு எப்படியும் இணைப்பு கிடைக்கும்.

சிம்மே இல்லாமல், திரையில் ஒரு கட்டத்தைப் படமெடுத்து இணைப்புப் பெறும் இ-சிம் முறையும் இப்போது பரவி வருகிறது. எல்லாக் கைப்பேசிகளிலும் அது இயங்காது. அதை நிறுவுவதற்கே இணையம் வேண்டும். பேரப்பிள்ளைகள் ஊரிலேயே செய்து கொடுத்தால் சரி. வழியில் தாமே செய்துகொள்ள முயல்வது வீண் அலைச்சல்.

புதிய சிம் வாங்கியவர்கள் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. பழைய இந்திய சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கியிலிருந்து வரவேண்டிய ஓ.டி.பி. எண் வருவதில்லை, நாளடைவில் அந்தக் காகிதமும் காணாமல் போகிறது. இக்காலக் கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் இரண்டு சிம்களுக்கு இடம் உண்டு. இந்திய சிம் முதல் இடத்திலேயே இருக்கட்டும். அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, நேபாள சிம்மின் டேட்டாவைத் திறந்தால் போதும். ரோமிங் வசதி பெற்ற சிம்மாக இருந்தால் குறுஞ்செய்திகள் வந்து சேரும். புதிய சிம் போட்டதும் வாட்ஸ்அப், ‘எண்ணை மாற்றலாமா?’ என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து இயங்கும். வீட்டாருக்கு வித்தியாசமே தெரியாது.

ஜோம்சோமிலிருந்து ஜீப்பில் ராணிபவா வரை சென்று, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலோ கோயில் அருகே சேரலாம். அதற்கு மேல் படிகள். அந்த உயரத்தில் மூச்சு வாங்குவது இயல்பு. தலைவலியும் குமட்டலும் விடாமல் தொடர்ந்தால் அது இயல்பல்ல. உடனே கீழே இறங்க வேண்டும். கைப்பேசி உண்மையாகவே தேவைப்படும் நேரம் அதுதான். வழிகாட்டியின் எண், தங்கும் விடுதியின் எண், வீட்டு மருத்துவரின் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உள்ளாடைப் பையில் வைத்திருப்பது எந்த இணையத்தையும்விட நம்பகமானது. நேபாளத்தில் காவல்துறைக்கு 100, ஆம்புலன்ஸுக்கு 102. இந்தியாவுக்கு அழைப்பதானால் எண்ணுக்கு முன் +91 சேர்க்க வேண்டும். ஆகவே வீட்டு எண்களை அப்படியே சேமித்துக்கொண்டு புறப்படலாம். கடுங்குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும். கைப்பேசியை ஸ்வெட்டருக்கு உள்ளே உடற்சூட்டில் வைத்திருப்பதே மலைவாசிகளின் உபாயம்.

இந்த வசதியால் ஒரு தர்மசங்கடமும் சேர்ந்தே வருகிறது. அந்நாளில் காசிக்குச் சென்றவர்களைத் தேடிக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வேறோர் ஊர் போயிருப்பார்கள். ஊரில் பங்காளி ஒருவர் காலமானாலும் செய்தி காதில் விழாதவரை யாத்திரை தடைப்படாது. கேள்விப்பட்ட பிறகே தீட்டு என்று பெரியோர் சொல்வதுண்டு. இப்போதோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் இரவு பத்து மணிக்குப் போடும் ஒரு வரி, மறுநாள் காலை சந்நிதிக்குப் புறப்படும் முதியவரின் கையில் வந்து நிற்கிறது. எட்டு நாள் பயணம் செய்து, படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட நேர்ந்தவர்களின் துயரத்தை எளிதில் ஆற்ற இயலாது. எந்தச் செய்தியைச் சொல்லலாம், யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வதும், தம் குலாசாரம் என்ன என்பதைச் சாஸ்திரிகளிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் சிம் வாங்குவதைவிட முக்கியமான ஏற்பாடு. குடும்பக் குழுவின் ஒலியை அணைத்துவிட்டு, மகன் அல்லது மகள் ஒருவரிடம் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள்ளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அது நல்ல யோசனை.

கைப்பேசியை எங்கே எடுக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பசுபதிநாதர் ஆலயத்தினுள் படமெடுப்பதற்குத் தடை உண்டு. முக்திநாதரின் கருவறைமுன் நிற்கும்போதும் அது பையிலேயே இருக்கட்டும். கோயிலின் பின்புறம் அரைவட்டமாக அமைந்த 108 பசுமுகத் தாரைகளின் கீழ் ஓடி நீராடப் போகிறவர்கள், அதற்கு முன்பே கைப்பேசியை உடன் வந்தவரிடம் கொடுத்துவிடுவது உசிதம். மடியில் செருகிய நினைவே இல்லாமல் பனிநீரில் இறங்கிவிட்டால் பிறகு வீட்டுக்குச் சொல்ல வழியிருக்காது.

நீராடி, உலர்ந்த உடை உடுத்தி, பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபின் பிராகாரத்தின் ஓரத்தில் அமர்ந்து அழைக்கலாம். முழங்கால் வலியால் யாத்திரைக்கு வர இயலாத மனைவி, ஸ்ரீரங்கத்து வீட்டில், கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். படம் நடுவில் உறைந்து உறைந்து வரும், குரல் பின்தங்கும். தாரைகளின் நீர் விழும் ஓசை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ‘இன்னும் சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள்’ என்பார் அவர்.