உங்களுக்குத் தெரியுமா? பித்தர்களும் கேமராக்காரர்களும்

● 1974 ஆகஸ்ட் 7. நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், கம்பி கட்டி முக்கால் மணி நேரம் நடந்தார் பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர். நடுவில் கம்பி மேலேயே படுத்தும் காட்டினார். அனுமதி? அதெல்லாம் கிடையாது. நண்பர்களோடு திருட்டுத்தனமாக மாடி ஏறினார். ஒரு கோபுரத்திலிருந்து மற்றதுக்கு அம்பு எய்து தூண்டில் நரம்பு போனது, அதைப் பிடித்துக் கயிறு, கயிற்றைப் பிடித்துக் கம்பி. இந்தக் கதையைச் சொல்லும் ‘மேன் ஆன் வயர்’ (2008) ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் படத்தில் அந்த நடை வெறும் புகைப்படங்களாகத்தான் வருகிறது. மூவி கேமரா கொண்டுபோயிருந்த நண்பருக்கு இரவெல்லாம் கம்பி இழுத்துக் கை ஓய்ந்துவிட்டதாம்! பெத்திக்குக் கிடைத்த தண்டனை: சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்கு இலவசமாக வித்தை காட்டுவது.

● ‘ஃப்ரீ சோலோ’வில் (2018) கேமரா தயார், பார்க்கத்தான் ஆளுக்குத் தெம்பில்லை. எல் கேப்பிட்டன் பாறையில் கயிறில்லாமல் ஏறுகிறார் அலெக்ஸ் ஹோனால்ட். படம் பிடிப்பவர்களும் மலையேறிகள்தான், அவருடைய நண்பர்கள். கீழே கேமராவோடு நின்ற ஒருவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் படத்தில் இருக்கிறது. ஏற்றம் முடிய 3 மணி 56 நிமிடம். எனக்கு வியர்த்தது அந்த நண்பரைப் பார்த்துத்தான்.

● டோக்கியோவில் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிப் பத்தே நாற்காலி போட்ட ஒரு கடை. ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சூஷி’யில் (2011) அங்கே வேலை பழகும் ஒருவர் முட்டை சூஷி செய்கிறார், செய்துகொண்டே இருக்கிறார். இருநூறுக்கும் மேல் கழிக்கப்பட்ட பிறகு ஒன்று தேறியது. அழுதுவிட்டார். பசியோடு பார்க்காதீர்கள்.

● சைக்கிளில் சுற்றியே நியூயார்க் தெருக்களின் உடை நாகரிகத்தைப் படம் பிடித்தவர் பில் கன்னிங்ஹாம். அவரைப் பற்றிய படத்துக்குச் (2010) சம்மதம் வாங்கவே இயக்குநருக்கு எட்டு வருடம் ஆயிற்று. இதில் யாருக்குப் பித்து அதிகம்?

● ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ (2012) எடுக்கும்போது பணம் தீர்ந்துவிட, மிச்சக் காட்சிகள் சிலவற்றை இயக்குநர் ஐபோனில் எடுத்தார். அந்தப் படத்துக்கும் ஆஸ்கர்.

● விருதுகளை ஒதுக்கிவிட்டு முதலில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், என் ஓட்டு ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ (2008). மகாராஷ்டிராவின் விசைத்தறி ஊரான மாலேகாவில் ஷேக் நாசிரும் கூட்டாளிகளும் கைக்காசில் சினிமா எடுப்பவர்கள். ஏற்கெனவே ஒரு உள்ளூர் ‘ஷோலே’ எடுத்தாயிற்று, இப்போது சூப்பர்மேன். ட்ராலிக்குச் சைக்கிள், கிரேனுக்கு மாட்டு வண்டி. பறக்கப் போகிறவரோ ஒல்லிக்குச்சியான ஒரு தறித் தொழிலாளி. அவர்களோடு சேர்ந்துதான் சிரிக்கிறோம், அவர்களைப் பார்த்து அல்ல. இயக்குநர் ஃபைஸா அகமது கானின் சாமர்த்தியம் அது. இந்தக் கும்பலை வைத்து ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்’ என்று இந்தியில் முழுநீளப் படமே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டவர்களும் அசல் ஆட்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.