ஒட்டோ கியர் பொக்ஸ் வாங்கப் போகுமுன்...

கடந்த சில வாரங்களுக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "நானா, வேன்ட ஒட்டோ கியர் பொக்ஸ் போயிட்டுது. ரீகண்டிஷன் ஒன்று வாங்கிப் போடுவோமா, இருக்கிறதையே செய்து எடுப்போமா?" என்பதுதான் அது. 2023ஆம் ஆண்டு இந்த விடயத்தில் நான் பட்ட நட்டம் அக்குறணைக் கடைத்தெருவில் பலருக்கும் தெரியும். அதனால்தான் என்னைத் தேடி வருகிறார்கள். ஆனால் அந்த நட்டத்துக்கு யார் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் சேர்த்து இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த கதையை எவரும் மறக்கவில்லை. ஆகவே நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் இருபது இருபத்தைந்து வருடப் பழைய வேனையே இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறோம். வேன் நின்றால் சந்தை நிற்கும், சந்தை நின்றால் செக் திரும்பும். அந்த அவசரத்தில்தான் கியர் பொக்ஸ் வாங்க ஓடுகிறோம். அவசரத்தில் போனவன் விலையை மட்டும்தான் கேட்பான்.

கடுகண்ணாவையில் நின்ற வேன்

என்னுடையது டீசல் டவுன் ஏஸ், ஒட்டோ கியர். ஒவ்வொரு செவ்வாயும் புறக்கோட்டையிலிருந்து பிளாஸ்டிக் சாமான் ஏற்றி வருவது வழக்கம். அன்று கடுகண்ணாவை ஏற்றத்தில் இருந்து டிரைவர் தம்பி போன் எடுத்தார். "முதலாளி, எஞ்சின் கத்துது, வேன் ஏறுதில்ல. கருகின மணம் ஒண்டும் வருது" என்றார்.

கட்டுகஸ்தோட்டையில் எனக்கு வழக்கமாக வேலை செய்யும் சிங்கள பாஸ் டிப் ஸ்டிக்கை இழுத்து ஒரு வெள்ளைக் கடதாசியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுப்பாக, கருகிய மணத்தோடு இருந்தது. "கிளச் பிளேட் எரிஞ்சு போச்சு ஹாஜியார்" என்றார்.

நாமறிந்த மெனுவல் கியரில் ஒரு கிளச் பிளேட், அதைக் கால் மிதிக்கிறது. ஒட்டோ பொக்ஸுக்குள் மெல்லிய பிளேட்டுகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவற்றை இறுக்குவதும் விடுவதும் ஒயிலின் அழுத்தம். எஞ்சினின் சக்தியை உள்ளே கொண்டுபோவதும் டோர்க் கொன்வேட்டருக்குள் சுழலும் அதே ஒயில்தான். ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது அந்த ஒயில் கடுமையாகச் சூடேறும். அது குளிர்வதற்காக ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் ஒரு சிறிய கூலர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கூலரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

செய்து எடுப்பதா, மாற்றுவதா?

செய்து எடுப்பது நல்ல வழிதான். புதிய பிளேட், சீல், கேஸ்கட் எல்லாம் போட்டுத் தருவார்கள். ஆனால் அதற்கு ஒட்டோ பொக்ஸைத் திறந்து பூட்டிப் பழகிய கை வேண்டும், சாமானும் கிடைக்க வேண்டும். மெனுவல் கியரில் கெட்டிக்காரர் என்பதற்காக ஒருவரிடம் ஒட்டோ பொக்ஸைத் திறக்கக் கொடுக்க வேண்டாம். அப்படியான கை பக்கத்தில் இல்லாவிட்டால் வெளிநாட்டில் கழற்றிய பொக்ஸ் ஒன்றை வாங்கிப் போடுவதே மிஞ்சும் வழி. நானும் அதைத்தான் தெரிவு செய்தேன்.

ஒரு சொல்லில் ஏமாற வேண்டாம். 'ரீகண்டிஷன்' என்று நாம் சொல்லும் பொக்ஸை எவரும் திறந்து புதுப்பித்ததில்லை. பெரும்பாலும் ஜப்பானில் ஒரு வாகனத்தை உடைக்கும்போது கழற்றி, கொள்கலனில் ஏற்றி வந்த பழைய சாமான் அது. கழுவி அடுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். வெளியே பளபளப்பதைப் பார்த்து உள்ளே நல்லது என்று எண்ணக் கூடாது. கியர் பொக்ஸில் மீற்றரும் கிடையாது. "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று எவராவது சொன்னால் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலாவது, இலக்கம். டொயோட்டா வாகனங்களின் தகட்டில் எஞ்சின், நிறம் என்பவற்றோடு கியர் பொக்ஸின் குறியீடும் அடிக்கப்பட்டிருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "டவுன் ஏஸ் ஒட்டோ" என்று மட்டும் கேட்டால் எஞ்சின் வேறு, இரண்டு சில்லு இழுப்பதா நான்கு சில்லு இழுப்பதா என்பது வேறு என்று வித்தியாசங்கள் பல இருக்கின்றன. வாயர் சொக்கட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொக்ஸ் பொருந்தி சொக்கட் பொருந்தாவிட்டால் கராஜில் வெட்டி ஒட்டுவார்கள். பிறகு கியர் மாறாத வருத்தத்துக்கு மருந்து தேடி அலைய வேண்டும்.

இரண்டாவது, ஒயில். உள்ளே மிஞ்சியிருக்கும் ஒயிலில் கொஞ்சம் வெள்ளைக் கடதாசியில் ஊற்றச் சொல்லுங்கள். சிவப்பு அல்லது இலேசான மண்ணிறம் பரவாயில்லை. கறுத்துக் கருகிய மணம் வந்தால் விட்டுவிடுங்கள். பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, சம்ப். கடைக்காரர் சம்மதித்தால் அவர் முன்னிலையிலேயே அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் ஒட்டியிருப்பது வழமை. மினுங்கும் இரும்புத் துண்டோ, கறுத்த பிளேட் செதிலோ இருந்தால் அந்த பொக்ஸ் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. கடைக்காரருக்குத் தெரியாமல் நீங்களாகத் திறக்க வேண்டாம். அவர் போட்ட பெயின்ட் அடையாளம் உடைந்தால் கேரண்டியும் போய்விடும்.

நான்காவது, டோர்க் கொன்வேட்டர். பொக்ஸோடு வந்த கொன்வேட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். எரிந்த பொக்ஸின் கொன்வேட்டருக்குள்ளும் அதே கறுப்புத் தூள்தான் இருக்கும்.

ஐந்தாவது, பில். கேரண்டி எத்தனை நாள், வாங்கிய நாளிலிருந்தா பூட்டிய நாளிலிருந்தா, பணம் திரும்புமா பொக்ஸ் மாற்றித் தருவார்களா, கழற்றிப் பூட்டும் கூலி யாருடையது என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலான கடைகளில் கூலி உங்களுடையதுதான். அதில் தவறில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றில் இலக்கம், ஒயில், கொன்வேட்டர் மூன்றையும் நான் சரியாகவே பார்த்தேன். பஞ்சிகாவத்தையில் ஓர் இளம் வியாபாரியிடம் 145,000 ரூபாவுக்கு எடுத்தேன். முப்பது நாள் கேரண்டி. பில்லின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஏதோ அடித்திருந்தது. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் மிச்சம் பிடித்த பணம்

கராஜில் பாஸ் வேலையை ஒழுங்காகவே செய்தார். பில்டர் மாற்றினார், முன் பின் சீல்கள் புதிதாகப் போட்டார். கொன்வேட்டரை பொக்ஸுக்குள் முழுமையாக உட்காரவைத்து, எஞ்சினோடு இறுக்குமுன் அது கையால் இலகுவாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். அரைகுறையாக இருக்கும்போது போல்ட்டால் இழுத்து இறுக்கினால் ஒயில் பம்ப் உடைந்துவிடுமாம். டிப் ஸ்டிக்கில் அடித்திருந்த வகை ஒயிலையே வாங்கச் சொன்னார். வகை மாற்றி ஊற்றக் கூடாது. பழைய டொயோட்டாவின் ஒயில் வேறு, இப்போதைய டொயோட்டாவுக்குரிய டபிள்யூ.எஸ். ஒயில் வேறு. சி.வி.ரி. பொக்ஸுக்கு முற்றிலும் வேறு.

பூட்டி முடிக்குமுன் பாஸ் ஒரு வார்த்தை சொன்னார். "ஹாஜியார், பழைய பொக்ஸ்ட தூள் எல்லாம் இந்தக் கூலருக்குள்ள போயிருக்கும். ரேடியேட்டரையும் மாத்துவம். 35,000 போகும்."

ஏற்கனவே கூலி 25,000, ஒயில் 28,000. அன்றைய தினம் ஒரு செக்கும் இருந்தது. "ரேடியேட்டர் ஒழுகவில்லையே, அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன். அப்படியானால் கூலரையாவது கழுவி, காற்றடித்துப் பார்ப்போம் என்றார். அதற்கு அரை நாள் போகும் என்றதும் அதையும் வேண்டாம் என்றேன்.

ஒன்பதாம் நாள். அதே கடுகண்ணாவை, அதே கருகிய மணம்.

மறுநாள் காலையில் நான் பஞ்சிகாவத்தையில் நின்றேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையைக் கள்ளன் என்றேன். எரிந்த பொக்ஸைக் கழுவி விற்றாய் என்றேன். முதல் நாளே அக்குறணையில் இரண்டு வியாபாரிகளிடம், அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள் என்றும் சொல்லிவிட்டிருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "ஹாஜி, ரேடியேட்டரை மாத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பில்லை வாங்கி அடியிலிருந்த வரியைத் தமிழில் சொன்னார். கூலரைச் சுத்தம் செய்யாமல் அல்லது மாற்றாமல் பூட்டினால் கேரண்டி இல்லை என்பதுதான் அந்த வரி.

அன்று மாலை பாஸிடம் கூலர் பைப்பைக் கழற்றி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நன்றாகப் பாய வேண்டிய ஒயில் சொட்டுச் சொட்டாக வந்தது. முதல் பொக்ஸின் எரிந்த தூள் கூலரை அடைத்திருந்தது. இரண்டாவது பொக்ஸ் வரும்போது நல்ல பொக்ஸ்தான். ஒன்பது நாளில் அதை எரித்தவன் நான்.

கணக்கு

அந்தப் பிள்ளை எனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. ஆனாலும் இன்னொரு பொக்ஸை 110,000 ரூபாவுக்குத் தந்தார். மறுபடியும் கூலி 25,000, ஒயில் 28,000. இடையில் புறக்கோட்டைக்கு இரண்டு தடவை லொறி பிடித்ததில் 44,000. மொத்தம் 207,000 ரூபா. இதற்கு மேலாக, மிச்சம் பிடித்தேன் என்று நினைத்த ரேடியேட்டருக்கு 35,000 ரூபாவைக் கடைசியில் கொடுத்தே தீர்ந்தது.

இவற்றையெல்லாம் ஒரு வருட லாபத்தில் சரிக்கட்டலாம். ஏழெட்டுப் பேர் முன்னிலையில் ஒருவனைக் கள்ளன் என்று சொன்னதை எந்தக் கணக்கில் போடுவது? பொக்ஸ் எடுக்கப் போன அன்று கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஹாஜி, எங்களுக்கு இது பழக்கம்" என்றார். அந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வலித்தது. அக்குறணையில் நான் பேசிய இருவரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் வேறு யாரிடம் சொன்னார்களோ, அங்கெல்லாம் போக என்னால் முடியாது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாங்கியவனும் தன் பக்கத்துக் குறையை மறைக்கக் கூடாது என்பதை நான் யோசித்ததே இல்லை. கேரண்டி கேட்டுப் போனபோது ரேடியேட்டர் விடயம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் கேட்கும்வரை அதை நான் சொல்லவில்லை.

ஆகவே என்னிடம் கேட்ட மூன்று பேருக்கும், கேட்காத ஏனையோருக்கும் என் பதில் இதுதான். ரீகண்டிஷன் பொக்ஸ் வாங்கலாம், பயப்படத் தேவையில்லை. ஆனால் புதிய பொக்ஸின் விலையை விசாரிக்கு முன்னர், பழையது ஏன் போனது என்பதை உங்கள் பாஸிடம் கேளுங்கள். கூலர் அடைபட்டதா, ஒயில் குறைந்ததா, வகை தெரியாமல் ஊற்றப்பட்டதா, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினோமா? காரணத்தை அப்படியே விட்டுவிட்டு பொக்ஸை மட்டும் மாற்றினால், அடுத்ததும் அதே வழியில்தான் போகும். பொக்ஸின் விலையோடு ரேடியேட்டர், ஒயில், பில்டர், சீல், கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தத் தொகை இல்லாவிட்டால் ஒரு வாரம் லொறி பிடித்து ஓடுங்கள். அது மலிவு.

இன்னொன்று. வழியில் நின்றுபோன ஒட்டோ வேனைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஒயில் ஓடாது. பின் சில்லு இழுக்கும் வேனானால் பின்பக்கத்தைத் தூக்குங்கள், அல்லது ப்ரொப்பெலர் ஷாப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.

என் வேன் இப்போதும் செவ்வாய் தோறும் கடுகண்ணாவை ஏறுகிறது. டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க டிரைவர் தம்பியின் பக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைக் கடதாசி எப்போதும் இருக்கும். பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் அந்தக் கடையில் ஒரு பிளேன்டீ குடிக்காமல் நான் வருவதில்லை.