ஒரே கிண்ணம் கேட்டவர்கள்

அன்றைய தேவாலயத்தில் அப்பம் எல்லாருக்கும் உண்டு. கிண்ணத்திலுள்ள திராட்சை ரசமோ குருமாருக்கு மட்டுமே. 15ஆம் நூற்றாண்டில் இன்றைய செக் நாட்டில் மூண்ட பெருங்கலகத்திற்கு இந்தப் பாகுபாடும் ஒரு காரணம்.

பிராக் நகரில் மக்களின் தாய்மொழியிலேயே பிரசங்கம் செய்தவர் யான் ஹுஸ். மன்னர் சிகிஸ்முண்டு பாதுகாப்பு உறுதி அளித்திருந்தும், கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபை மன்றத்தின் தீர்ப்பால் 1415 ஜூலை 6இல் அவர் எரிக்கப்பட்டார். அவர் வழி வந்த ஹுஸைட்டுகள் கிண்ணத்தையே சின்னமாக்கிக் கொண்டனர். 1420இல் தாபோரில் கூடிய எளியோர் உடைமைகளைப் பொதுவில் வைத்தனர். ஆனால் அதே ஆண்டிலேயே தாபோர், சுற்றுப்புறக் குடியானவர்களிடம் வரி தண்டத் தொடங்கியது. 1434இல் லிப்பானிப் போரில் மிதவாதிகளே தீவிரவாதிகளை வீழ்த்தினர். 1436 உடன்பாட்டில் மக்களுக்குக் கிண்ணம் கிடைத்தது. குடியானவர் முதுகிலிருந்த சுமை இறங்கவில்லை.

தமிழருக்கு இது தூரத்துக் கதையன்று. தமிழகத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை அறியாதவர் யார்? கப்பலேறி மலாயா வந்த சாதி, ரப்பர் தோட்டங்களிலும் தனி லயங்களாக நின்றது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து ஈப்போ, சிங்கப்பூர் முதலிய நகரங்களில் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது, 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' பிறந்தது. 1924 முதல் பாலத்தால் சிங்கப்பூருடன் இணைந்திருந்த ஜொகூருக்கு இக்கருத்துகள் வந்துசேர நெடுநாள் ஆகவில்லை. புரோகிதர் இல்லாத திருமணமும் கள் எதிர்ப்பும் பேச்சாயின.

இங்கும் முன்னின்றவர்களில் பலர் நகரத்து வணிகர்கள், ஆசிரியர்கள், எழுத்தர்கள். மேடையில் சமத்துவம் பேசப்பட்டது. பால் வெட்டியவரின் கூலியும் குடியிருப்பும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன.

கிண்ணத்தைப் பெறுவது ஒன்று; அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்வது வேறொன்று. தோட்டத்தை விட்டு மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் இன்று ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றன. அதே குடும்பங்களில் பெண் பார்க்கும்போது மட்டும் "என்ன ஆளுங்க?" என்ற கேள்வி மெல்ல எழுமானால், சீர்திருத்தம் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. மீதி வழியை நடக்க வேண்டியது அவரவர் வீட்டிலிருந்துதான்.