குலை நோயும் 'நோய் தாங்கும்' ரகமும்



ஒரு மார்கழி மாதம் குமரலிங்கம் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கதிரெல்லாம் வெளுத்து நிமிர்ந்து நிற்கிறது. கிட்டப் போய் ஒரு கதிரைப் பிடித்தேன். கழுத்து கறுத்துப்போய் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மணி பூராவும் பதர். "ஏனுங்க சார், குலை நோய் தாங்கற ரகம்னு நீங்க சொல்லித்தானுங்களே இந்த விதையப் போட்டோம்?" என்று வயல்காரர் கேட்டார். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

குலை நோய் ஒரு பூசணத்தால் வருவது. 1919-ல் தஞ்சை டெல்டாவில் பெருவாரியாகப் பரவி நெல்லை அழித்தது. பிற்பாடு கோவையில், நோய் தாங்கும் கோ 4 ரகத்தையும், சீக்கிரம் நோய் பிடிக்கும் ஆடுதுறை 10 ரகத்தையும் ஒட்டுச்சேர்த்து கோ 25 ரகத்தை உண்டாக்கினார்கள். அதே கோவையில் 1970-களில் வந்த கோ 39 இதற்கு நேர்மாறு. குலை நோய்க்கு அது வெல்லக்கட்டி மாதிரி! பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலேயே, குலை நோய்ச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க கோ 39-ஐ நட்டிருக்கிறார்கள்.

பூசண விதை காற்றில் வந்து, பனி ஈரம் உள்ள இலையில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு சின்னக் குமிழ் போல ஊதி, கார் டயரில் உள்ள காற்றைப் போல 40 மடங்கு அழுத்தத்தோடு இலையைத் துளைத்து உள்ளே இறங்கும். நோய் தாங்கும் நெல், வந்திருப்பது யார் என்று அடையாளம் கண்டு அங்கேயே தடுத்துவிடும். திருடன் முகம் தெரிந்த காவல்காரன் மாதிரி. திருடன் மீசையை மழித்துக்கொண்டு வந்தால்? பூசணமும் அப்படித்தான், புதுப்புது இனமாக மாறும். கொரியாவில் 1970-களில் டோங்கில் வகை நெல்லைப் பரவலாக நட்டார்கள். சில வருஷம் நோய் அண்டவில்லை. 1978-ல் அதே நெல்லில் குலை நோய் பெரிய அளவில் வந்துவிட்டது.

அமராவதிப் பாசனத்திலும் ஒரு வாய்க்கால் முழுக்க ஒரே ரகத்தை வருஷாவருஷம் நட்டால் இந்த ஆபத்து உண்டு. கல்லாபுரம், கொழுமம் பகுதிகள் மலை அடிவாரம். ராத்திரிக் குளிரும் காலைப் பனியும் பூசணத்துக்கு ரொம்பத் தோது. அதனால் பக்கத்து வயல்காரரோடு பேசி ரகத்தை மாற்றி நடுங்கள்.

அடுத்தது யூரியா. பயிர் கருகருவென்று இருக்கவேண்டும் என்று ஒரேயடியாக அள்ளிப் போட்டால், எந்த ரகமானாலும் இலை மெத்தென்று ஆகி நோய்க்கு வழிவிடும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள். அந்தக் குமரலிங்கம் வயலிலும் யூரியா கொஞ்சம் தாராளம்தான்!

விதைக்குமுன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யுங்கள். வரப்புப் புல்லைச் செதுக்கி விடுங்கள். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவே சாம்பல், ஓரம் பழுப்பு எனத் தெரிந்தால் தாமதிக்காமல் ட்ரைசைக்ளசோல் 75 சதத் தூளை ஏக்கருக்கு 200 கிராம் தெளிக்கவும். அந்தக் குமிழுக்குப் பலம் சேராமல் செய்வதுதான் இம்மருந்தின் வேலை. ஆகவே கழுத்து கறுத்தபின் அடித்துப் பயனில்லை. கதிர் வெளிவரும் சமயத்திலேயே அடிக்கவேண்டும்.